லிங்கராஜ் கண்டுபிடித்த பதினேழு குறைகள்

அந்த மிஷின் இந்த வீட்டுக்குள் வராது என்று புதன்கிழமை காலையில் லிங்கராஜ் முடிவு செய்தார். வாயில் பிரஷ் இருந்ததால் முடிவைச் சத்தமாக அறிவிக்க முடியவில்லை. பிரஷ் இல்லாவிட்டாலும் அறிவித்திருக்க மாட்டார். பத்தடி தூரத்தில் பூங்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

முடிவுக்குக் காரணம் முன்னறை.

கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்குக் கரிசல் மண்ணின் குணம் தெரியும். வெயில் காலத்தில் கால் நுழைகிற அளவுக்கு வாயைப் பிளக்கும். மழை பெய்தால் பூரி மாதிரி உப்பும். கூடவே தரையும் உப்பும், கதவு சாத்தாது. லிங்கராஜ் வீட்டு அடுப்படியில் ஒரு தம்ளரைச் சாய்த்துப் போட்டால் அது தானாகவே கொல்லைப்புறம் போய்ச் சேரும். பின்பக்கத் தகரச் சாய்ப்பில் நின்று பேசுகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே பேசுவார்கள்.

முன்னறை மட்டும் அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் லிங்கராஜ் அந்த ஒரு அறையை நாலடி ஆழத்துக்குத் தோண்டினார். கரிசலை அள்ளி வெளியே கொட்டி, சரள் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் பதித்தார். அவர் பைபாஸ் ரோட்டு எடைமேடையில் வேலை பார்ப்பவர். முப்பது டன் லாரி ஏறி நின்றாலும் இம்மி அசையாத மேடையை எப்படிப் போடுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தவர். அந்த ஞானம் முழுவதையும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் வராது. கோலிக்குண்டு வரும். லிங்கராஜ் அதை நடு அறையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். கோலி அப்படியே இருக்கும். "பாத்தீங்களா?" என்பார். வந்தவர் பார்ப்பார். வேறு வழியில்லை.

அந்தத் தரையின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு சாய்வு நாற்காலி. எதிரே டிவி. வாரத்தில் ஆறு நாள் எடைமேடையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் லிங்கராஜ், அந்தக் களைப்பு தீர ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த நாற்காலியில் உட்காருவார்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இப்போது ஆபத்து.

ஆபத்து செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் பூங்கொடி ஒரு ஊறுகாய் பாட்டிலை வைத்தாள். உள்ளே ஊறுகாய் இல்லை. உடைந்த ஊசிகள்.

"என்னட்டி இது?"

"இந்த மாசம் உடஞ்சது."

"கூட்டுக்கா குழம்புக்கா?"

"சிரிக்காதீங்க. இது கல்யாணத்துக்கு எங்க அம்மா வீட்டுல குடுத்த மிதி மிஷின். சட்டை தைக்கும், பாவாடை தைக்கும். தோலை ரெண்டு மடிப்பு வச்சா ஊசி படக்குனு போயிருது. மதுரைக் கடைக்காரரு அம்பது தோல் பை கேட்டிருக்காரு. தீபாவளிக்குப் பத்து நாள் முந்தி குடுக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேங்காரு."

பூங்கொடி போன வருடம் மூன்று மாதம் தோல்பைப் பயிற்சிக்குப் போனவள். இருபது பெண்கள் போனார்கள். சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் பத்தொன்பது பேர். பூங்கொடி மட்டும் மறுநாளே தோல் வாங்கி வெட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த ஐம்பது பைதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர்.

"அதுக்கு?"

"தோல் தைக்கதுக்குன்னே பெரிய மிஷின் இருக்கு. எட்டயபுரம் ரோட்டுல சங்கரபாண்டி அண்ணாச்சி கடையில பழசு நாலஞ்சு கெடக்காம். சீட்டுப் பணம் இருக்கு. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொன்னாப் போதும்."

"எங்கன போடுவ?"

"பின்னால சாய்ப்புலதான். வேற எங்கன போட?"

அதுதான் லிங்கராஜுக்குப் பயம். இந்த வீட்டில் 'சாய்ப்புல' என்று சொல்லி வந்த எந்தப் பொருளும் சாய்ப்பில் இருந்ததில்லை. கிரைண்டர் சாய்ப்புக்கு என்று வந்தது. அடுப்படியில் இருக்கிறது. பீரோ சாய்ப்புக்கு என்று வந்தது. அவர் தலைமாட்டில் நிற்கிறது. அவளுடைய சித்தியே ஒரு முறை "நான் சாய்ப்புலயே படுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்து, ஒன்றரை மாதம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள்.

நேராக 'வேண்டாம்' என்று சொல்லலாம். பிரிட்ஜ் விஷயத்தில் அப்படித்தான் சொன்னார். பதினோரு நாள் உப்புமா கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் பிரிட்ஜ் வந்தது.

ஆகவே வேறு வழி. குறை சொல்வது.

குறை சொல்வதில் லிங்கராஜுக்கு இணை அந்தத் தெருவில் இல்லை. எடைமேடைத் தொழில் அப்படி. பருத்தி மூட்டைக்குள் ஈரம், உளுந்து மூட்டைக்குள் கல், லாரி டேங்குக்குள் எடைக்காக நிரப்பிய தண்ணீர் என்று இருபது வருடமாகத் தேடித் தேடி, எதைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்றுதான் அவருக்குக் கண் போகும். சாம்பாரில் புளி ஒரு கொட்டை கூடினால் தெரியும். மடித்த சட்டையில் இடது கை வலது கையைவிட அரை விரல் நீண்டிருந்தால் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவர் ஒரு குறையும் சொல்லாமல் குடித்த காப்பி என்று ஒன்று கிடையாது.

'எந்த மிஷினைக் காட்டினாலும் குறை சொல்லுவோம். எல்லா மிஷினும் குறையாப் போனா அவ என்ன செய்வா? தீபாவளி வரும். ஆர்டர் போகும். அறை இருக்கும்.' பிரஷ்ஷோடு அவர் செய்த முடிவு இதுதான்.

ஆனால் அரைகுறையாகக் குறை சொன்னால் பூங்கொடி கண்டுபிடித்துவிடுவாள். முறையாகச் சொல்ல வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் எடைமேடையில் லாரி வராத நேரமெல்லாம் லிங்கராஜ் போனில் வீடியோ பார்த்தார். பழைய தையல் மிஷினில் எப்படி ஏமாற்றுவார்கள், பெயிண்டுக்குள் என்ன இருக்கும், ஊசித் தண்டை எப்படி ஆட்டிப் பார்ப்பது, அடியில் என்ன பார்ப்பது என்று எட்டு ஊர்க்காரர்கள் எட்டு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை ஒரு லாரிக்காரர், "அண்ணாச்சி, சீட்டுல பதினேழு டன்னுக்குக் கீழ 'கொக்கி தேஞ்சிருக்கான்னு பாக்கணும்'னு எழுதியிருக்கு. லாரியில எந்தக் கொக்கி?" என்று திரும்பி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். லிங்கராஜின் பையில் ஒரு காந்தம், டார்ச், ஸ்குரூ டிரைவர், கொத்தனாரின் ரசமட்டம். பூங்கொடியின் பையில் தோல் துண்டுகள். இரண்டு மடிப்பு, நான்கு மடிப்பு, ஆறு மடிப்பு என்று தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.

சங்கரபாண்டிக்கு ஐம்பது வயது இருக்கும். திருப்பூரிலும் ஆம்பூரிலும் கழித்துப் போட்ட மிஷின்களை லாரியில் கொண்டுவந்து விற்பவர். பூங்கொடியைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார். லிங்கராஜ் அதைப் பொதுவான மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் ஒரு பச்சை மிஷின். வாசலிலேயே பளபளவென்று நின்றது.

"பாருங்க அண்ணாச்சி. புது மாப்பிள்ளை மாதிரி நிக்கி."

"மாப்பிள்ளைக்கு மையடிச்சிருக்கீங்களே" என்று லிங்கராஜ் காந்தத்தை எடுத்தார். மிஷினின் கழுத்தில் வைத்தார். ஒட்டியது. கொஞ்சம் கீழே நகர்த்தினார். காந்தம் டொக்கென்று கீழே விழுந்தது. "இரும்புலதானே காந்தம் ஒட்டும்? இங்கன என்ன இருக்கு, மைதா மாவா?"

சங்கரபாண்டி சிரிக்கப் பார்த்தார். "லேசா ஒரு கீறல். பட்டி வச்சுப் பூசுனது."

"கீறலா, ஒடிஞ்சதா?"

பூங்கொடி இரண்டு மடிப்புத் தோலை நீட்டினாள். லிங்கராஜ் அதை வைத்து ஓட்டச் சொன்னார். மிஷின் ஓடியது. முடிவில் பார்த்தால் கீழ்த் தோல் முன்னால் போயிருந்தது. மேல் தோல் ஒரு விரக்கடை பின்தங்கி நின்றது.

"இது சட்டை தைக்க மிஷின் அண்ணாச்சி. கீழ இருக்க பல்லு மட்டும் இழுக்கும், மேல உள்ளது சும்மா அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கும். துணிக்குச் சரி. தோலுக்கு ஆகாது. பெரிய மோட்டார மாட்டி, தோல் மிஷின்னு பேரு வச்சுட்டீங்களா?"

சங்கரபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். லிங்கராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்ததற்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

அடுத்தது குழாய் மாதிரி நீண்ட கை கொண்ட மிஷின். பையின் மூலை, செருப்பின் வளைவு எல்லாவற்றையும் சுற்றி வளைத்துத் தைக்கலாம் என்றார் சங்கரபாண்டி. லிங்கராஜ் தரையில் குனிந்து மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டை டார்ச் அடித்துப் படித்தார்.

"மூணு பேஸ் கரண்டு."

"அதுக்கென்ன?"

"எங்க வீட்டுல ஒரு பேஸ்தான். இத ஓட்டணும்னா மொதல்ல வாசல்ல வேற கம்பம் நடணும். நீங்க நட்டுத் தாரீங்களா?"

மூன்றாவது மிஷின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. சாக்கை எடுத்ததும் தூசி கிளம்பியது. கறுப்பாக, அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்து, பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் வீலைக் கையால் சுற்றியதும் லிங்கராஜ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஊசி தோலுக்குள் இறங்கி, இறங்கியபடியே ஒரு எட்டு பின்னால் வைத்தது. அழுத்துகிற கால் இரண்டாக இருந்தது. ஒன்று தூக்கும்போது ஒன்று பிடித்துக்கொண்டது. மேலே, கீழே, ஊசி எல்லாம் சேர்ந்து தோலைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போயின. இரண்டு மடிப்பு தைத்தது. நான்கு தைத்தது. ஆறு மடிப்பை அப்பளத்தைக் குத்துவதுபோலத் தைத்தது. மேல் தோலும் கீழ்த் தோலும் ஓரம் பிசகவில்லை.

லிங்கராஜ் பூங்கொடியைப் பார்த்தார். அவள் எதுவும் பேசாமல் நின்றாள்.

பூங்கொடி பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. பிரிட்ஜ் கடையிலும் இப்படித்தான் ஒன்றின் முன்னால் பேசாமல் நின்றாள்.

லிங்கராஜ் சட்டைக் கையை மடித்தார். "இருங்க. இதை முழுசாப் பாத்துருவோம்."

அதற்கப்புறம் ஒன்றேமுக்கால் மணி நேரம் சங்கரபாண்டி கடையில் வேறு வியாபாரம் நடக்கவில்லை. லிங்கராஜ் தரையில் மல்லாந்து படுத்து மிஷினின் அடிவயிற்றைப் பார்த்தார். எண்ணெய்த் திரி காய்ந்து கிடந்தது. கொக்கியின் முனை மழுங்கியிருந்தது. ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டினார். கொஞ்சம் ஆடியது. பெல்ட்டில் வெடிப்பு. பாபின் சுற்றுகிற உறுப்பையே காணோம். பின்தையல் போடுகிற கைப்பிடி இறுகியிருந்தது. மிதியைக் கோக்கிற சங்கிலிக்குப் பதில் கட்டுக்கம்பி. பழைய மோட்டார் சும்மா நிற்கும்போதே உறுமியது; மிதியைத் தொட்டால் பாய்ந்தது.

"காலு வச்சா ஓடுதா, காலு வைக்கப் போறோம்னு நெனச்சாலே ஓடுதா?"

"பழைய மோட்டார் அப்படித்தான் அண்ணாச்சி. பழகணும்."

"யாரு, அதுவா நாங்களா? எழுதிக்கிடுதேன். பத்து."

பதினாறு வரை வந்தார். அதற்கு மேல் கிடைக்கவில்லை. பதினாறும் சரிசெய்யக்கூடிய குறைகள் என்று அவருக்கே தெரிந்தது. ஆறு மடிப்பைத் தைத்த அந்தத் தையலில் குறை சொல்ல முடியவில்லை. பூங்கொடி அந்தத் துண்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

கடைசியாக ரசமட்டத்தை எடுத்து மிஷின் மேஜையில் வைத்தார். நடுவில் நிற்க வேண்டிய குமிழி ஓரத்துக்கு ஓடியது. லிங்கராஜுக்கு மூச்சு வந்தது.

"சாயுது!"

"அது மிஷின் சாயலண்ணாச்சி. எங்க கடைத் தரை சாயுது. கரிசல்லா?"

"எதுவாவும் இருக்கட்டும். இவ்வளவு கனத்த மிஷின மட்டமில்லாத தரையில போட்டு ஓட்டுனா என்ன ஆகும்? ஆடும். ஆடுனா நகரும். நகந்தா தையல் கோணும், போல்ட் கழளும், ஊசி ஒடியும். நான் இருவது வருசமா எடைமேடையில இருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆடாத, அசையாத, மட்டமான தரையில நிக்காத மிஷின் மிஷினே இல்ல. எழுதிக்கிடுதேன். பதினேழு. தரை மட்டமில்லை."

எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். எடைச்சீட்டு எழுதிய கை, கையெழுத்துப் போடாமல் நிற்காது. "இந்தப் பதினேழு கொறையோட இத ஒருத்தன் வாங்குவான்னா அவன் மடையன்" என்று சொல்லி, சீட்டைக் கிழித்துச் சங்கரபாண்டியின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பூங்கொடி ஒரு நிமிடம் பின்தங்கி வந்தாள். செருப்பு மாட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

"என்னட்டி, வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம். நீங்க பாத்துச் சொன்னாச் சரிதான்."

அந்த வாரம் வீட்டில் நடந்த எதையும் லிங்கராஜால் நம்ப முடியவில்லை. உப்புமா வரவில்லை. திங்கள்கிழமை மொச்சைக் குழம்பு. செவ்வாய்க்கிழமை கருவாடு. புதன்கிழமை பூங்கொடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோல் வெட்டினாள். வியாழக்கிழமை அவருடைய சாய்வு நாற்காலியின் அளவை நூல் பிடித்து எடுத்தாள். "எதுக்குட்டி?" என்றார். "உறை தைக்கலாம்னு" என்றாள். இதில் எங்கே கோளாறு என்று அவருடைய இருபது வருட அனுபவம் தேடியது. கிடைக்கவில்லை. அதனால் குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிவி போட்டு, நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிய நேரம் பார்த்து வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கயிறு கட்டிய மிஷின். கறுப்பாக இருந்தது. ஆனால் சுத்தமாக இருந்தது. முன்னாலிருந்து சங்கரபாண்டி இறங்கினார். ஒரு வாரத்தில் இளைத்திருந்தார். கையில் எடைச்சீட்டு.

"அண்ணாச்சி, தயவுசெஞ்சு பாத்துருங்க. ஒண்ணுலருந்து பதினாறு வரைக்கும் டிக் அடிச்சிருக்கேன்."

லிங்கராஜ் எழுந்து நின்றார். "யாரு கேட்டா?"

"தங்கச்சிதான். அன்னைக்கே சீட்டைக் காட்டி, 'அவிய எழுதுனதையெல்லாம் சரி பண்ணிக் கொண்டாங்க அண்ணாச்சி, எடுத்துக்கிடுதோம்'னாங்க. 'முடியாது'ன்னேன். 'அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை அவியளை மறுபடியும் கூட்டிட்டு வாரேன்'னாங்க." சங்கரபாண்டி சீட்டை நீட்டினார். "ஒரு வாரம் தூங்கல அண்ணாச்சி. கொக்கி புதுசு. பெல்ட் புதுசு. சங்கிலி புதுசு. மோட்டாரக்கூட மாத்திட்டேன், இப்ப சத்தமே வராது. மிதிச்சாத்தான் ஓடும். மறுபடியும் கடைக்கு மட்டும் வந்துராதீங்க."

லிங்கராஜ் டார்ச்சை எடுத்து வண்டியில் ஏறினார். ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். திரி ஈரமாக இருந்தது. தண்டு ஆடவில்லை. கைப்பிடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. பதினாறு வரை எதிலும் ஓட்டை இல்லை. அவர் தேடியதிலேயே அதிகம் கோபமூட்டிய தேடல் அதுதான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பதினேழு? அது அப்படியே இருக்கே!"

"அதுதான் எங் கையில இல்லையே அண்ணாச்சி" என்றார் சங்கரபாண்டி.

"பதினேழ நாங்க பாத்துக்கிடுதோம்" என்றது பின்னாலிருந்து பூங்கொடியின் குரல். உள்ளங்கையை விரித்தாள். கோலிக்குண்டு.

சாய்ப்புக்குப் போனார்கள். பூங்கொடி கோலியைத் தரையில் வைத்தாள். அது அவசர வேலை இருப்பதுபோல் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. எடுத்துக் கழுவி அடுப்படியில் வைத்தாள். கிரைண்டருக்கு அடியில் போய் மறைந்தது. துடைப்பத்தால் தள்ளி எடுத்து, முன்னறையில், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கோலி நின்றது.

வாழ்க்கையில் முதல்முறையாக லிங்கராஜ் அந்தக் கோலி உருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கொஞ்சம் உருண்டால் போதும். ஒரு சுற்று. அரைச் சுற்று. விசிறியைக் கூட்டி வைத்துப் பார்த்தார். அது அவர் கட்டிய தரை. அசையவில்லை.

சங்கரபாண்டி தன் பங்குக்கு லிங்கராஜின் ரசமட்டத்தையே எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. "அண்ணாச்சி! இந்தக் கரிசல்ல இப்படி ஒரு தரையா? நான் பாத்ததே இல்லையே! எப்படிப் போட்டீங்க?"

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட ஏதாவது வழி பிறந்திருக்கும். ஆனால் மூன்று வருடமாக இந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"சும்மாவா? நாலடி தோண்டியிருக்கேன் நாலடி! கரிசல் ஒரு கூடை கெடையாது உள்ள. பூராவும் சரள். பத்து எம்எம் கம்பி குறுக்கும் நெடுக்கும். இதுல மனுசன் உக்காரதென்ன, அஞ்சு டன்ன எறக்கி வச்சாலும் இம்மி அசையாது!"

"தம்பி" என்று சங்கரபாண்டி வண்டிக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்கனயே எறக்கிருவோம்."

ஐந்து டன் இல்லை. நூறு கிலோகூட இருக்காது. நான்கு பேர் தூக்கிவந்து விசிறிக்கு நேர் கீழே வைத்தார்கள். அதற்குமுன் அங்கே இருந்த ஒரு பொருளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சாய்ப்புப் பக்கம் போனார்கள். லிங்கராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூங்கொடி எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்து கதவருகே வைத்தாள். சீட்டில் பதினேழாவது வரிக்கு நேராகச் சங்கரபாண்டி டிக் அடித்து நீட்டினார். "ஒரு கையெழுத்து அண்ணாச்சி." லிங்கராஜின் கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

வண்டி போனதும் அவர் கேட்டார்.

"ஏட்டி, சாய்ப்புலதான்னு சொன்னேல்லா?"

"நான் சாய்ப்புன்னுதான் சொன்னேன். மட்டமான தரை வேணும்னு எழுதுனது நீங்க. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

"நான் உனக்கு மிஷின் பாக்கவா வந்தேன்? வேண்டாம்னு சொல்லதுக்குல்லா வந்தேன்!"

"தெரியும்."

"தெரியுமா?"

"டிவியிலயும் போன்லயும் ஒரே கணக்குதான வச்சிருக்கீங்க? நீங்க பாத்த வீடியோ பூராவும் டிவியில வரிசையா நின்னுச்சு. 'பழைய மிஷின வாங்காமல் இருக்கப் பத்து காரணம்'னு." பூங்கொடி நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பாக்கதுக்கு ஒரு வாரம் முந்தியே நானும் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரியும் அந்தக் கடைக்குப் போயிட்டு வந்தோம். 'மிஷின அடியில தொறந்து காட்டுங்க'ன்னோம். 'பொம்பளையளுக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும், வீட்டுல ஆம்பளையக் கூட்டிட்டு வாங்க'ன்னு அந்தப் பச்சை மிஷினையே தலையில கட்டப் பாத்தாரு. சரி, கூட்டிட்டுப் போவோம்னு நெனச்சேன். கொறை கண்டுபிடிக்க உங்கள விட்டா இந்தக் கோவில்பட்டியில யாரு இருக்கா? பதினோரு வருசமா அந்தத் திறமைய நானும் என் சாம்பாரும் மட்டும் அனுபவிச்சா எப்படி?"

லிங்கராஜ் பதில் யோசிப்பதற்குள் காளீஸ்வரியே வாசலில் வந்து நின்றாள். அவளும் பயிற்சிக்குப் போனவள்.

"அண்ணே, மிஷின் நல்லா இருக்கே! சான்றிதழச் சுவத்துல மாட்டுனவ பூராவும் இப்ப மிஷின் வேணுங்காளுக. அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒண்ணு பாக்க வாரீங்களா? அதுக்கடுத்த வாரம் முத்துசெல்விக்கு. பூங்கொடி உங்க நாளெல்லாம் எழுதி வச்சிருக்கா."

"தை மாசம் வரைக்கும் ஞாயித்துக்கிழமை நெறஞ்சிருச்சு காளி" என்றாள் பூங்கொடி.

லிங்கராஜ் சாய்ப்புக்கு நடந்தார். அங்கே தகரக் கூரைக்குக் கீழே, கிழக்கே சாய்ந்து, அவருடைய நாற்காலி நின்றது. மேலே புதுத் தோல் உறை. அளவு கச்சிதம். ஓரத் தையலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பழக்கம். ஆறு மடிப்பு. ஒரு தையல்கூடப் பிசகவில்லை. வியாழக்கிழமை அளவெடுத்து, வெள்ளிக்கிழமை போய் அந்த மிஷினிலேயே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். உட்கார்ந்தார். நாற்காலி மெதுவாக நகர்ந்து கொல்லைப்புறச் சுவரைப் போய்த் தொட்டது. அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியவில்லை. டிவி சத்தமும் கேட்கவில்லை. முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குச் சத்தமில்லை, ஊசி தோலில் இறங்குகிற சத்தம் மட்டும், நிதானமாக, எட்டு வைத்து எட்டு வைத்து வந்தது.

பூங்கொடி ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

லிங்கராஜ் ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள். "ஏதும் கொறை இருந்தாச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அவர் வாயைத் திறந்தார். அவளுடைய கையில் எடைச்சீட்டும் பேனாவும் இருப்பதைப் பார்த்தார்.

"ஒரு கொறையும் இல்லட்டி" என்றார். காப்பியில் சீனியே போடவில்லை.